ஹாக்கி மன்றத்தில் ஓர் இழை (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்): ஜூனியர் வெண்கலம் சரி, இவர்களில் எத்தனை பேர் சீனியர் அணியில் நிலைப்பார்கள்?

நான்காம் கால்பகுதி

2025 டிசம்பர் 10 இரவு அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று, 21 வயதுக்குட்பட்ட ஆடவருக்கான ஜூனியர் ஹாக்கி உலகக்கோப்பையில் வெண்கலம் வாங்கிவிட்டோம். மகிழ்ச்சியில் எனக்கும் குறைவில்லை. ஆனால் அன்றிலிருந்து எல்லோரும் 49வது நிமிடத்திலிருந்து 58வது நிமிடம் வரை நடந்ததை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய 48 நிமிடங்களில் என்ன செய்தோம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நிமிடத்திலேயே பெனால்டி ஸ்ட்ரோக்கில் (கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கும் தண்டனை அடி) ஒரு கோல் வாங்கினோம், 44வது நிமிடத்தில் இன்னொன்று. மூன்று நாட்களுக்கு முன்பு அரையிறுதியில் ஜெர்மனி 5-1 என்று நம்மைத் துவைத்து எடுத்ததை அதற்குள் மறந்தாயிற்று.

பையன்களைக் குறை சொல்ல வரவில்லை. என் கணக்கு வேறு. 2016இல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று ஜூனியர் கோப்பையை எடுத்த அணியிலிருந்து ஹர்மன்பிரீத், மன்தீப், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த், வருண் குமார், சிம்ரன்ஜீத் என்று ஏழு பேர் டோக்கியோ ஒலிம்பிக் வெண்கல அணியில் இருந்தார்கள். ஜெர்மனியை 5-4 என்று வென்ற அந்தப் போட்டியில் சிம்ரன்ஜீத் மட்டும் இரண்டு கோல் போட்டார். அந்த லக்னோ அணியின் கேப்டன் ஹர்ஜீத் சிங்கோ அதற்குள் காணாமல் போயிருந்தார். 2021, 2023 இரண்டு ஜூனியர் உலகக்கோப்பைகளிலும் நாம் நான்காம் இடம். அவற்றிலிருந்து சீனியர் அணிக்கு வந்து நிலைத்தவர்களை எண்ண ஒரு கை போதும். ஆகவே பதக்கத்தின் நிறத்தை விடுங்கள். 21 வயதுக்கும் 24 வயதுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில்தான் நம் பையன்கள் விழுகிறார்கள். இந்த 18 பேரில் யார் தாண்டுவார்கள்?

எழும்பூர் கேலரி

நான் அன்று அரங்கத்தில் இருந்தேன், அதனால் அந்தப் பத்து நிமிடத்தைப் பேசாமல் இருக்க முடியாது. மன்னிக்கவும்.

மூன்றாம் கால்பகுதி முடிந்தபோது என் வரிசையில் பாதி இருக்கை காலி. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, படி வரைக்கும் போய்விட்டார். அங்கித் பால் கோல் போட்ட சத்தம் கேட்டுத் திரும்பியவர் இறங்கவும் இல்லை, இருக்கைக்கு வரவும் இல்லை. படியிலேயே நின்றார். மன்மீத் சிங் அடுத்ததைப் போட்டபோதும் அங்கேயே. 57வது நிமிடத்தில் சாரதானந்த் திவாரி ஸ்ட்ரோக் அடிக்க நின்றபோது கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிமிடம் அன்மோல் எக்கா பெனால்டி கார்னரில் நான்காவதைப் போட்டதும் முன்பின் தெரியாத என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இடம் மாறினால் கோல் நின்றுவிடும் என்று பயந்தாராம்.

இதற்குப் பிறகு 48 நிமிடக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளிக்கணக்கு

பெரியவருக்கு என் வணக்கம். ஆனாலும் இழையைத் தொடங்கியவர் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

திரும்பி வந்து வென்றது பெரிய விஷயம். ஆனால் திரும்பி வர வேண்டிய நிலை ஏன் வந்தது? சீனியர் அணிக்கும் இதே வியாதிதான். 2025 ஜூனில், முன்னணி நாடுகள் ஆடும் புரோ லீக்கின் ஐரோப்பியச் சுற்றில் வரிசையாக ஏழு தோல்வி. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் இரண்டு முறை 2-3. பெல்ஜியத்திடம் 3-6. ஏழில் ஆறு ஒரே கோல் வித்தியாசம்! கடைசிப் போட்டியில் பெல்ஜியத்தை 4-3 என்று வென்று ஒன்பது அணிகளில் எட்டாவதாக முடித்தோம். மூன்று மாதம் கழித்து ராஜ்கிரில் ஆசியக் கோப்பை, இறுதியில் கொரியாவை 4-1. அதே பயிற்சியாளர், ஏறக்குறைய அதே அணி.

ஆசியாவில் ஒரு தவறு செய்தால் அது மன்னிக்கப்படுகிறது. ஐரோப்பிய அணியிடம் செய்தால் அது கோலாகிறது. ஜூனியர்களும் இதே பாடத்தைத்தான் படித்தார்கள். சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று அடித்துவிட்டு வந்து, காலிறுதியில் பெல்ஜியத்துக்கு 59வது நிமிடத்தில் சமன் கோலை விட்டுக்கொடுத்தார்கள். சமன் ஆன போட்டியை முடிவு செய்யும் ஷூட் அவுட்டில் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் காப்பாற்றாவிட்டால் ஐந்தாம் இடத்துக்கு ஆடிக்கொண்டிருப்போம்.

இடதுகை மட்டை

ஓமனை 17-0 வென்றதால் யாருக்கு என்ன பயன்? பாகிஸ்தான் விலகியதால் வந்த அணி அது. பாவம்.

எனக்குத் தோன்றுவது: இளைஞர்களுக்குச் சீனியர் அணியில் இடமே கொடுப்பதில்லை. 2026 ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக்கோப்பை. அப்போது மன்பிரீத்துக்கு 34 வயது, அமித் ரோஹிதாஸுக்கு 33. இன்னும் எத்தனை நாள் இவர்களையே சுமப்பது? ஜூனியர் அணியிலிருந்து ஐந்து பேரை அப்படியே எடுத்து உள்ளே போடுங்கள். தோற்றால் தோற்கட்டும்.

கம்பத்தடி

தம்பி, முதலில் உங்கள் பெயர். ஹாக்கியில் இடதுகை மட்டையே கிடையாது. விதிப்படி தட்டையான பக்கம் எல்லா மட்டைக்கும் ஒரே பக்கம்தான். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இப்போது ரோஹிதாஸ். அவரைக் கிழவர் கணக்கில் எழுதுவதற்கு முன்பு பாரிஸ் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17வது நிமிடத்தில் சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடி 1-1, பிறகு ஷூட் அவுட்டில் 4-2. அந்த வெற்றியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அரையிறுதியில் ரோஹிதாஸ் தடையில் உட்கார்ந்திருந்தார், ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம், ஜெர்மனியின் முதல் கோல் பெயாட் அடித்த பெனால்டி கார்னர். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் ஒருவன் அம்பு போல நேரே டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்து எறிவது) அடிப்பவனை நோக்கி ஓடுவான். முகமூடி, முழங்கால் கவசம், கையுறை போட்டுக்கொண்டு, பந்து தன் மீது படுவதற்காகவே ஓடுகிறவன். அவன் ஓடும் பாதை ஒரு பக்கத்தை மூடிவிடும், கோல்கீப்பர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்வார். அரை அடி தப்பாக ஓடினால் இரண்டு பக்கமும் திறந்துவிடும். நான் கல்லூரி அணிக்குக் கோல்கீப்பராக நின்றவன். எனக்கு முன்னால் ஓடுகிறவனை நம்ப முடியாத நாளில் என் கால் தரையில் பாவாது. ரோஹிதாஸ் இந்தியாவுக்குப் பல ஆண்டுகளாக அப்படி ஓடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மாற்று யார்? ஜூனியர் அணியில் கோல் போட்டவர்கள் பெயரைச் சொல்கிறீர்களே, முதலில் ஓடியவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இடதுகை மட்டை

பெயரை இணையத்தில் மாற்ற முடியவில்லை அண்ணா, மன்னித்துவிடுங்கள்.

முதலில் ஓடியவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவே என் வாதத்துக்கும் பொருந்தும் அல்லவா? அந்த வேலையைப் பழக இப்போதே ஒருவரை ரோஹிதாஸுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாமா?

கம்பத்தடி

அதை மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார வை என்றால் சரி, அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார வை என்றால் தகராறு.

நான்காம் கால்பகுதி

கம்பத்தடி அண்ணன் சொல்வதுதான் நான் சொல்ல வந்த பள்ளம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைப் பாருங்கள். பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இரண்டாவது வெண்கலத்தோடு விடைபெற்றார். அன்று வரை கிருஷண் பதக் எத்தனை ஆண்டு அவர் பின்னால் காத்திருந்தார்! 2016 ஜூனியர் அணியில் இருந்தவர் அவரும். இந்த ஜூனியர் உலகக்கோப்பையில் பையன்களுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஸ்ரீஜேஷ்தான். பெல்ஜியம் ஷூட் அவுட்டில் பிரின்ஸ்தீப் நின்ற நிலையைப் பார்த்தபோது யாரிடம் படித்தவர் என்று தெரிந்தது. கோல்கீப்பிங்கில் கைமாறும் வழி ஒன்று இருக்கிறது. டிராக் ஃபிளிக்கில் இருக்கிறதா? ஹர்மன்பிரீத் பாரிஸில் 10 கோல் அடித்தார். அவருக்குக் காலில் ஒரு சுளுக்கு என்றால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஜுக்ராஜ், சஞ்சய், ரோஹிதாஸ் இருக்கிறார்கள், ஆனால் இறுதி நிமிடத்தில் கார்னர் கிடைத்தால் நம் கண் போவது ஒருவரிடம்தான்.

புள்ளிக்கணக்கு

அந்த வகையில் இந்த ஜூனியர் அணி நம்பிக்கை தருகிறது. திவாரி, அன்மோல் எக்கா, கேப்டன் ரோஹித் என்று கார்னர் எடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்கள். ஜெர்மனிக்கு எதிராகக் கிடைத்த ஒரே கோலும் எக்காவுடையது.

திவாரிக்கு இது முதல் ஜூனியர் உலகக்கோப்பை அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 2021 புவனேஸ்வரிலேயே ஆடியவர். அரைஜீத் சிங் ஹுண்டலும் அப்படியே. ஹுண்டல் இதற்குள் சீனியர் சட்டையையும் போட்டுப் பார்த்துவிட்டார். உங்கள் பள்ளத்தை அளக்க நல்ல ஆள் அவர்தான். அடுத்த ஒரு வருடம் அவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்.

வெள்ளைக்கோடு

நடுவில் புகுகிறேன். இந்த இழையில் இத்தனை பேர் பேசியும் பெண்கள் அணி பற்றி ஒரு வார்த்தை இல்லை. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த அணி பாரிஸுக்குத் தகுதியே பெறவில்லை. புரோ லீக்கில் கடைசி இடம், கீழிறக்கம். நீங்கள் சொல்லும் பள்ளம் ஆண்களுக்கு முழங்கால் அளவு என்றால் பெண்களுக்கு ஆள் உயரம். தனி இழை தொடங்குகிறேன், அங்கே வந்து பேசுங்கள். வராவிட்டால் இங்கே திரும்பி வருவேன்.

எழும்பூர் கேலரி

வருகிறோம் அக்கா. மிரட்டலே போதும்.

எனக்கு ஒரு கேள்வி. 18 பேரில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லையே? மணிப்பூரிலிருந்து இருவர், ஒடிசாவிலிருந்து சிலர், கர்நாடகத்திலிருந்துகூட ஒருவர். போட்டியை நடத்தியது சென்னையும் மதுரையும். பந்தலைப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறோம்.

கரிசல் பந்து

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான்.

ஒருவரும் இல்லை என்று ஒரேயடியாக வருந்த வேண்டாம். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர் கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் சீனியர் அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் போட்டியிலேயே கார்த்தி கோல் போட்டார். அன்று எங்கள் ஊரில் தூங்கியவர்கள் குறைவு. ஆனால் ஒலிம்பிக் என்று பார்த்தால் 2004 ஏதென்சில் ஆடிய ஆடம் சின்கிளேருக்குப் பிறகு ஆடவர் அணியில் நம் பெயர் வரவில்லை. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குக் கேப்டன் பாஸ்கரன் என்று சொல்லிச் சொல்லியே 45 ஆண்டு ஓடிவிட்டது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். டிசம்பர் 2 அன்று இந்தியா-சுவிட்சர்லாந்து போட்டிக்கு எங்கள் பையன்கள் இருபது பேரை பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துப்போனேன். போட்டி தொடங்குவதற்கு முன்பு தரைக்குத் தண்ணீர் பீய்ச்சினார்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் சட்டையை இழுத்து, "சார், மழைக்கு ஆட்டத்தை நிறுத்துவார்கள், இங்கே இவர்களே நனைக்கிறார்களே" என்றான். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் அவன் வீரர்களைப் பார்க்கவே இல்லை. பந்தை மட்டும் பார்த்தான். பிறகு, "பந்து எகிறவே இல்லை சார்" என்றான்.

இதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. எங்கள் மைதானம் சரளை. பந்து எந்த நேரமும் முகத்துக்கு எகிறும் என்று பயந்து பையன் மட்டையை நிமிர்த்திப் பிடித்து, உடம்பை நிமிர்த்தி வைத்துப் பந்தை நிறுத்தப் பழகுகிறான். செயற்கைத் தரையில் இடுப்பை மடக்கிக் குனிந்து, மட்டையைத் தரையோடு படுக்க வைத்து வாங்க வேண்டும். பன்னிரண்டு வயதில் பழகிய முதுகு பதினெட்டு வயதில் குனிய மறுக்கிறது. டிராக் ஃபிளிக் பற்றிக் கேட்கவே வேண்டாம். பந்தை மட்டையின் வளைவில் ஏற்றி, தரையை விடாமல் இழுத்துக்கொண்டே வந்து சுழற்றி எறிய வேண்டும். சரளையில் இழுத்தால் பந்து கல்லில் மோதிப் பாதியிலேயே மட்டையை விட்டுப் போய்விடும். எங்கள் ஊரில் செயற்கைத் தரை இருக்கிறது, அரசு விடுதியும் இருக்கிறது, அதில் சேரும் பிள்ளைகள் நன்றாகவே வருகிறார்கள். சுற்றுப்பட்டு கிராமப் பையனுக்கு அது வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது.

ஆகவே நான்காம் கால்பகுதி அவர்களே, உங்கள் பள்ளம் 21 வயதில் தொடங்குகிறது. எங்களுடையது 12 வயதில்.

நான்காம் கால்பகுதி

ஐயா, இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இடதுகை மட்டை

ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு ஐந்து பேரை அப்படியே உள்ளே போடு என்று சொன்னதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இரண்டு பேர் என்று குறைத்துக்கொள்கிறேன். பிரின்ஸ்தீப், எக்கா. பேரம் முடிந்தது.

புள்ளிக்கணக்கு

இரண்டு என்றால் நானும் சம்மதம். ஆனால் உலகக்கோப்பைக்கு நேரடியாக வேண்டாம், அதற்கு முன்பு புரோ லீக்கில் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா போன்ற அணிகளிடம் தள்ளிவிடுங்கள். 1975க்குப் பிறகு உலகக்கோப்பையில் ஒரு பதக்கம்கூட இல்லை. 2023இல் சொந்த மண்ணில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 முன்னிலை பெற்று, 3-3 ஆகி, ஷூட் அவுட்டில் காலிறுதிக்குக்கூடப் போகாமல் வெளியேறினோம். அன்று பதற்றம் தெரிந்த கைகள் எல்லாம் அனுபவமுள்ள கைகள்தான். அதனால் வயதை மட்டும் வைத்து இனி நான் பேசப்போவதில்லை.

எழும்பூர் கேலரி

சீனியர் அணிப் பயிற்சியாளர் ஃபுல்டன் கேட்பது தற்காப்பு. முதலில் கோலைக் காப்பாற்று, பிறகு எதிர்த்தாக்குதல் என்பது அவர் கொள்கை. ஜூனியர்கள் ஆடியதோ வேறு ஆட்டம். ஓடு, ஓடு, ஓடு. இங்கிருந்து அங்கே போகிறவன் புது மொழியைப் படிக்க வேண்டும். ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் முதல் கால்பகுதி முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கினோமே, இரண்டு முறையும் நம் ஆட்கள் பாதிப்பேர் எதிர் வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு திரும்பி ஓடும் வேகத்தைத் தேடிக்கொண்டிருந்தது போலத்தான் கேலரியிலிருந்து தெரிந்தது. அரைநேரத்துக்குள் மூன்று. அந்த ஜெர்மனிதான் இறுதியில் ஸ்பெயினை ஷூட் அவுட்டில் வென்று கோப்பையை எடுத்துப்போனது.

கரிசல் பந்து

கம்பத்தடி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இழைக்கு வெளியே போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து திரும்பியதும், பிறகு பெல்ஜியம் ஷூட் அவுட்டைத் தொலைக்காட்சியில் பார்த்ததும் அந்த எட்டாம் வகுப்புப் பையன் கோல்கீப்பராகத்தான் நிற்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ஹாக்கிக் கால்கவசம் எங்களிடம் ஒரே ஒரு ஜோடி, அதுவும் பெரிய பையன்களுக்கானது, இவனுக்குத் தொடை வரை வருகிறது. கிரிக்கெட் கவசத்தைக் கட்டிவிட்டிருக்கிறேன். மெதுவாகத் தள்ளும் பந்தில் மட்டும் பழக்குகிறேன். ஷூட் அவுட் எட்டு விநாடியில் என்ன செய்ய வேண்டும் என்று தினமும் கேட்கிறான். நான் முன்கள ஆட்டக்காரன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கம்பத்தடி

ஐயா, முதலில் கிரிக்கெட் கவசத்தைக் கழற்றிவிடுங்கள். அதில் பாதம் மூடாது, பந்து நேரே விரலில் படும். எங்கள் வீட்டுப் பரணில் என் பழைய ஜோடி இருக்கிறது, வார்கள் மட்டும் மாற்ற வேண்டும். உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பையனிடம் இதைச் சொல்லுங்கள். அடிக்கிறவன் 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்புவான். விசில் கேட்டதும் கோல்கோட்டை விட்டு வெளியே வா, ஆனால் முழு வேகத்தில் வராதே. அவன் உன்னைச் சுற்றிப் போக முடியாத தூரம் வந்ததும் நில். முதலில் விழுந்தவன் தோற்றான், ஆகவே விழாதே. அவன் மட்டையைப் பார்க்காதே, பந்தைப் பார். நீ நிற்கும் விதத்தால் அவனை அவனுடைய இடப்பக்கமாகப் போக வை, அங்கே போனால் மட்டையைத் திருப்பித்தான் அடிக்க வேண்டும், அடி பலவீனமாக இருக்கும். உன் கால் பட்டு அவன் விழுந்து, நீ வேண்டுமென்றே தடுத்தாய் என்று நடுவர் நினைத்தால் ஸ்ட்ரோக் கொடுத்துவிடுவார், அதனால் கை நீளட்டும், கால் நீள வேண்டாம். வாய்க்குள் எண்ணிக்கொண்டே இரு. ஐந்து என்று எண்ணும்போது அவனுக்கும் பயம் வந்துவிடும், அப்போது தவறாக ஒரு அடி அடிப்பான்.

கவசம் வந்து சேர்ந்ததும் அவன் காலின் நீளத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். வார் எந்தத் துளையில் வர வேண்டும் என்று சொல்கிறேன்.